குதிக்க நிலா, நடமாடச் செவ்வாய்

குறைந்த ஈர்ப்பில் மனித உடல் எப்படி இயங்கும் என்று பள்ளி அறிவியல் மன்றத்தில் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. நிலாவா, செவ்வாயா? செவ்வாயைத்தான் எடுத்தேன்.

குதிப்பதில் நிலாவை மிஞ்ச முடியாது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் எம்பினால் பூமியில் உடல் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக உயரும், செவ்வாயில் 1.2 மீட்டர், நிலாவில் 2.8 மீட்டர். ஆனால் இது விண்வெளி உடை இல்லாத கணக்கு. 1972 ஏப்ரலில், அப்பல்லோ 16 பயணத்தில், ஜான் யங் கொடிக்கு வணக்கம் வைத்தபடி எம்பினார். அந்தக் கனமான உடையோடு அரை மீட்டரைக்கூட எட்டவில்லை. கூடப் போன சார்லி டியூக் உயர எம்பிப் பார்த்தபோது முதுகுச்சுமை பின்னால் இழுக்க, மல்லாந்து விழுந்தார். அவர் மூச்சு விடுவதற்கான கருவிகள் எல்லாம் அந்தச் சுமைக்குள்தான் இருந்தன!

சரி, நாள் முழுக்க யார் குதிக்கப் போகிறார்கள்? நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், முக்கியமாக நிற்க வேண்டும். என் முடிவைத் தீர்மானித்தது இந்த நிற்பதுதான். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்காகும். நிறை அப்படியே இருக்கும். ஓடும் உடலின் வேகத்தை அடக்க வேண்டிய உராய்வோ எடையைப் பொறுத்தது. ஆகவே அதுவும் ஆறில் ஒரு பங்காகிவிடும். உராய்வுக் கெழு, அதாவது எடையில் உராய்வாகக் கிடைக்கும் பங்கு, 0.5 என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் பூமியில் 92 சென்டிமீட்டர் வாக்கில் நின்றுவிடலாம். செவ்வாயில் 2.4 மீட்டர் வேண்டும், நிலாவில் 5.6 மீட்டர். வளைந்து திரும்பவும் இதே விகிதத்தில்தான் இடம் தேவை. பாறையும் பள்ளமுமான தரையில் இந்த வித்தியாசம் உயிர் விஷயம்.

நடையிலும் அப்படித்தான். ஊன்றிய காலுக்கு மேல் இடுப்பு ஒரு வில்லாக ஏறி இறங்குகிறது. அந்த வில்லை விட்டு உடல் எழும்பிவிடாமல் பிடித்து வைப்பது ஈர்ப்பு. பூமியில் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வாக்கில் நடை ஓட்டமாக மாறும். கணக்குப்படி செவ்வாயில் அந்த எல்லை நாலரை, நிலாவில் மூன்று. நாம் சாதாரணமாக நடக்கும் வேகம் செவ்வாயில் ஏறக்குறைய அடங்கிவிடும். நிலாவில் அடங்காது, அதனால்தான் அப்பல்லோ வீரர்கள் தாவித் தாவிப் போனார்கள்.

ஒன்றில் மட்டும் நிலா பக்கம் பேசியாக வேண்டும். 2 மீட்டர் ஏணியிலிருந்து வழுக்கினால் தரையில் மோதும் வேகம் அங்கே நொடிக்கு 2.5 மீட்டர்தான், செவ்வாயில் 3.9, பூமியில் 6.3.

அப்புறம், நிலாவுக்குச் சாட்சி சொல்ல அங்கே நடந்த 12 பேர் உண்டு. செவ்வாய்க்கு இருப்பது இந்தக் கணக்கும், குறைந்த ஈர்ப்பை உணர வைக்க வளைந்து பறக்கும் விமானங்களில் ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் போலக் கிடைத்த அனுபவமும்தான்.