கரும்பலகையா, லைவா, ரெக்கார்டிங்கா? வண்ணாரப்பேட்டை மாடி ஷெட்டிலிருந்து

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி ஷெட்டில், அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். சொல்லித் தருபவர்கள் மூன்று பேர். தமிழுக்கு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, வயது 67. கணக்குக்கு பி.இ. முடித்த தம்பி, வயது 24. பொது அறிவுக்கு இரண்டுக்கும் நடுவயதில் நான். பெஞ்சிலும் இதே கலவைதான். போன வருஷம் பிளஸ் டூ முடித்த பையனும் இருப்பான். பிளஸ் டூ முடித்து இருபது வருஷம் கழித்து, காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வரும் அக்காவும் இருப்பார்.

சின்னப் பசங்களுக்கு வீடியோ, பெரியவர்களுக்குக் கரும்பலகை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தோம். ஒரே மாதத்தில் அது தலைகீழானது.

ரெக்கார்டிங்கைப் பிடித்துக்கொண்டவர் அந்த அக்கா. "கிளாஸ்ல மூணாவது வாட்டி கேட்டா பசங்க சிரிப்பாங்க சார். போன்ல பத்து வாட்டி ஓட்டினாலும் யாருக்குத் தெரியும்?" என்றார். பையன்களோ அதே வீடியோவை 2எக்ஸில் ஓட்டி, "பார்த்துட்டேன் சார்" என்பார்கள். கேள்வி கேட்டால் முழிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது எதிரில் ஒரு ஆள், கையில் சாக்பீஸ், "நீ எழுந்து போடு" என்ற அதட்டல்.

லைவ் கிளாஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் பிடித்த இலவச அக்கவுண்டில் 40 நிமிஷம்தான். கணக்கின் பாதியில் அறுந்துவிடும். ஒரே போன் உள்ள வீட்டில் அந்த நேரத்துக்கு அப்பா வண்டியோடு போனும் வெளியே போயிருக்கும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும் அது உதவியது, அதுவும் அவர்கள் போனில் சார்ஜ் இருந்தால்.

கணக்குத் தம்பியின் ஸ்லைடு அழகாக இருக்கும். 12 பேர் 15 நாளில் முடிக்கும் வேலையை 20 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? சூத்திரம், எண்கள், விடை எல்லாம் ஒரே தட்டில் திரையில் வந்து நிற்கும். எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த கணக்கில் எண்ணை மாற்றினால் பாதிப் பேர் காலி. ஒருநாள் புரொஜக்டர் கேபிள் வேலை செய்யவில்லை. தம்பி வேண்டாவெறுப்பாகப் பலகைக்குப் போய் 12, 15 என்று எழுதி நின்றபோது அக்கா பின்னாலிருந்து சொன்னார்: "பன்னெண்டு ஆளுக்குப் பதினஞ்சு நாள், மொத்தம் 180 கூலி. அதை இருபது ஆளுக்குப் பிரிச்சா ஆளுக்கு ஒம்போது." சூத்திரமே தேவைப்படவில்லை. ஸ்லைடு ஓடியிருந்தால் அவருக்கு வாய் திறக்க இடமே கிடைத்திருக்காது. பலகையில் ஆசிரியர் எழுதி முடிக்கும்வரை ஒரு இடைவெளி இருக்கிறது, அதில்தான் மாணவர் புகுந்துகொள்கிறார்.

எங்கள் மூவரில் டெக்னாலஜியை ஒழுங்காகப் பயன்படுத்துபவர் யார் என்றால் 67 வயது அம்மாதான். ஆப் எதுவும் தெரியாது. வாட்ஸாப்பில் குரல் பதிவு மட்டும் போடுவார், தினமும் இரவு எட்டரைக்கு, இரண்டு நிமிஷம். ஒரு குறள் அல்லது ஒரு புணர்ச்சி விதி. "மரம் கூட வேர் சேர்ந்தா ம் எங்கடா போச்சு? மரவேர். நாளைக்குக் காலைல சொல்லணும்." பல வருஷம் வகுப்பைக் கட்டி மேய்த்த குரல். தேர்வின் 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் தேறாவிட்டால் மற்ற நூறைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் அந்த இரண்டு நிமிஷத்தை யாரும் தவறவிடுவதில்லை. தம்பி எடிட் செய்து, பின்னணி இசை சேர்த்துப் போட்ட அரை மணி வீடியோவை எத்தனை பேர் முழுசாகப் பார்த்தார்கள் என்று அவனிடமே கேட்டால் பேச்சை மாற்றுவான்.

டெலிகிராமில் க்விஸ் நன்றாக ஓடுகிறது. தப்பாகத் தட்டியது யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது, அதனால் எல்லா வயதும் துணிந்து தட்டுகிறது. அதே குரூப்பில் குவியும் பிடிஎஃப்களை இறக்கி வைப்பதோடு படிப்பு முடிந்ததாக நினைக்கும் வியாதிதான் தனி.

இப்போது கணக்கு பலகையில், தமிழ் பலகையோடு குரல் பதிவிலும், என்னுடைய பொது அறிவு மட்டும் ரெக்கார்டிங்கில். தம்பி ஸ்லைடை விடவில்லை. விடையை மட்டும் கடைசித் தட்டுக்குத் தள்ளி வைத்திருக்கிறான். அந்தத் தட்டைத் தட்டுவதற்கு முன் பின்பெஞ்சை ஒருமுறை பார்க்கிறான்.