ஃபால்கன் ஹெவி மாடல் கிட்: உடம்பு சரி, மூக்குதான் கோணல்

1:100 அளவில் ஒரு ஃபால்கன் ஹெவி கிட் வாங்கி மூன்று வாரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ராக்கெட் அது: நடுவில் ஒரு பூஸ்டர், இரு பக்கமும் ஒவ்வொன்று, பக்கத்து இரண்டின் உச்சியிலும் மூக்குக் கூம்பு. தயாரிப்பாளர் பெயர் வேண்டாம், சிறிய அளவில் செய்து விற்பவர்கள். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 70 செ.மீ. உயரத்துக்கு ஒட்டிய பிறகும் ராக்கெட் நேராக நிற்கிறது, குழாய்களின் விட்டம் கச்சிதம், 27 எஞ்சின்களும் தனித்தனியாக வருகின்றன, ஒட்டுப்படங்கள் (டிகால்) கிழியவில்லை. கூடவே இரண்டு இன்டர்ஸ்டேஜ் (முதல் அடுக்கை இரண்டாம் அடுக்கோடு இணைக்கும் குழாய்) துண்டுகளும் கொடுத்திருக்கிறார்கள், மூக்கைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் பக்க பூஸ்டர், ஒற்றை உடம்பு ராக்கெட்டான ஃபால்கன் 9-இன் முதல் அடுக்காகிவிடும். விவரம் தெரிந்த யாரோ யோசித்துச் செய்த வேலை இது, ஏனென்றால் 2018 பிப்ரவரி 6 அன்று பறந்த முதல் ஃபால்கன் ஹெவியின் பக்க பூஸ்டர்கள் இரண்டும் 2016-இல் ஃபால்கன் 9 ஆகப் பறந்து திரும்பியவைதான்.

அப்படிப்பட்டவர்கள் மூக்கில் எப்படிக் கோட்டை விட்டார்கள் என்பதுதான் புரியவில்லை.

ரெசினில் வார்த்த இரண்டு மூக்குக் கூம்புகளும் ஐஸ்கிரீம் கோன் மாதிரி நேர்க்கோட்டுக் கூம்புகள். நுனி ஊசி, அடியில் உருளையோடு சேரும் இடத்தில் விரலால் தடவினால் தட்டுப்படும் ஒரு மடிப்பு. நிஜத்தில் அப்படி இல்லை. அங்கே நுனி மழுங்கியிருக்கும், பக்கங்கள் மெல்ல வளைந்து வந்து உருளையோடு தடம் தெரியாமல் கலக்கும். அழகுக்காக அல்ல. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்று அந்த மடிப்பில் சட்டென்று திரும்ப வேண்டியிருக்கும், திரும்பும் இடத்தில் வேகம் எகிறி, அதிர்ச்சி அலை உருவாகி, ஓட்டம் சுவரை விட்டுப் பிரிந்து, அந்தப் பகுதியே நடுங்கும். கூராக இருந்தால் காற்றைக் கிழிக்கும் என்று நாம் நினைப்பது பாதி உண்மைதான், ஒலியைவிட மெதுவாகப் போகும்போது உருண்டை மூக்கே நன்றாக வேலை செய்யும்.

சரி, இது மேலே போகிற கதை. எனக்குப் பிடித்தது இறங்குகிற கதை.

வேலை முடிந்து தரையிறங்கப் பக்க பூஸ்டர் திரும்பும்போது எஞ்சின்தான் முன்னால், மூக்கு வால் ஆகிவிடுகிறது. வால்பக்கம் ஒடுங்கிப் போகிற ஒரு உடம்பு சற்றுச் சாய்வாகக் காற்றில் வந்தால், ஒடுங்கும் பகுதியில் பக்கவிசை தப்பான திசையில் விழும். ராக்கெட் நேராகப் பறக்குமா என்று பார்க்க மாடல் ராக்கெட் பறக்கவிடுபவர்கள் போடும் பாரோமேன் கணக்கில், ஒவ்வொரு பகுதியின் பக்கவிசைக்கும் ஒரு எண் கொடுப்பார்கள், அதில் இது அப்படியே இருக்கிறது: விரியும் மூக்குக்குக் கூட்டல் 2, அதே விட்டத்திலிருந்து நுனிவரை ஒடுங்கும் வாலுக்குக் கழித்தல் 2. அதாவது சாய்வைத் திருத்த வேண்டிய வால், சாய்வை இன்னும் கூட்டிவிடுகிறது. ஃபால்கன் 9-இல் அந்த இடத்தில் வெட்டிவிட்ட குழாய் மாதிரி இன்டர்ஸ்டேஜ் இருப்பதால் காற்று விளிம்பிலேயே பிரிந்துவிடும், இந்தத் தொல்லை குறைவு. அதனால் பக்க பூஸ்டரில் கிரிட் ஃபின்களுக்கு, அதாவது இறங்கும்போது திசை திருப்பும் வலை மாதிரியான துடுப்புகளுக்கு, வேலை அதிகம். முதல் பயணத்தில் நடு பூஸ்டருக்கு அலுமினியமும் பக்கத்து இரண்டுக்கும் பெரிய டைட்டானியத் துடுப்புகளும் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நடு பூஸ்டர் கடலில் விழுந்து போனது, பக்கத்து இரண்டும் கேப் கனாவரலில் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இறங்கின. அந்த டைட்டானியத் துடுப்புகள் திரும்பி வந்ததில்தான் ஸ்பேஸ்எக்ஸ் தலைவர் எலான் மஸ்க்குக்கு ரொம்ப சந்தோஷம், செய்ய அவ்வளவு செலவும் நேரமும் பிடிக்கும் சாமான்.

ஒட்டுவதற்கு முன்னால் ஒரு பூஸ்டரை நூலில் கட்டித் தொங்கவிட்டு, எஞ்சின் பக்கம் காற்று வருகிற மாதிரி டேபிள் ஃபேன் முன்னால் பிடித்துப் பார்த்தேன். மூக்கோடு தலைகீழாகத் திரும்பிக்கொண்டே இருந்தது, இன்டர்ஸ்டேஜ் மாட்டியபோது கொஞ்சம் அடங்கியது. இதைச் சோதனை என்று சொல்ல மாட்டேன், இரண்டு துண்டுக்கும் எடை வேறு, ஃபேன் காற்றும் சுழல் காற்று. ஆனாலும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இதே கிட்டை வாங்கிய ஒருவர், ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டின் பூஸ்டர் மாதிரி மூக்கை நடு உடம்புப் பக்கம் சாய்த்து வைத்திருக்கலாமே என்று கேட்டார். பூஸ்டருக்கும் நடு உடம்புக்கும் நடுவே மோதும் அதிர்ச்சி அலைகளைச் சமாளிக்கச் சாய்ந்த மூக்கு நல்லதுதான். ஆனால் ஏரியான் பூஸ்டர் தன்னைத்தானே ஓட்டிக்கொண்டு இறங்குமிடத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. தனியாக வருகிற உடம்புக்குச் சாய்ந்த மூக்கு எப்போதும் ஒரு பக்கமாக இழுக்கும், அதைச் சரிக்கட்டவும் துடுப்புதான் உழைக்க வேண்டும். சமச்சீர் மூக்கு வைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கிட்டில் இன்னொரு தவறு, துடுப்புத் துளைகளைக் கூம்பு ஒடுங்கத் தொடங்கும் இடத்திலேயே போட்டிருக்கிறார்கள். நிஜத்தில் அவை அதற்குக் கீழே, உருளைப் பகுதியில் இருக்கும்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். அலமாரியில் வைத்துப் பார்க்க மட்டும் வாங்குகிறவர்களுக்கு நான்கு, தூரத்திலிருந்து மடிப்பு தெரியாது. திருத்த நினைப்பவர்கள் புட்டியும் உப்புத்தாளும் கையோடு வாங்கிவிடுங்கள். நான் ஒரு மூக்கில் மடிப்பை நிரப்பி, நுனியை மழுக்கி, பிரைமர் அடித்துவிட்டேன், இரண்டு மாலை ஆனது. இன்னொரு மூக்கும், எட்டுத் துளைகளை அடைத்துக் கீழே மறுபடி போடுவதும் பாக்கி.