நெக் பிக்கப் மாற்றப்போய் ஏமாந்தேன்: கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த மார்ச் மாதம் சென்னையில் ஓர் இசைக்கருவிக் கடையில் என் எலக்ட்ரிக் கிட்டாருக்கு நெக் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப்களில் கிட்டாரின் கழுத்துப் பக்கம் இருப்பது) மாற்றப்போய், 8,500 ரூபாயையும், 12 ஆண்டுகளாக நான் வாசித்துவந்த நல்ல பிக்கப் ஒன்றையும் இழந்துவிட்டேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அங்கே நடந்தது எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது என்பதால், நடந்ததை நடந்தபடியே பதிவு செய்கிறேன்.

நான் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசிக்கிறேன். என்னுடையது இரண்டு ஹம்பக்கர்கள் (இரைச்சலைக் குறைக்க இரண்டு காயில்கள் வைத்த பிக்கப்கள்) கொண்ட கிட்டார்; நெக் பக்கம் ஒன்று, உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் பக்கம் ஒன்று. பாடல்களின் இடையிசையில் மென்மையும் கனமும் சேர்ந்த தொனி வேண்டிய இடங்களில் எல்லாம் நெக் பிக்கப்பையே நம்பியிருப்பேன். சில மாதங்களாக மேடையில் ஆம்ப்பின் ஒலியைக் கூட்டியதும் அது கீச்சென்று கத்தத் தொடங்கியது. கடைக்காரரிடம் காட்டியபோது, “தம்பி, காயில் போயிடுச்சு, மாத்திடுங்க” என்றார். முதல் பொய் இதுதான் என்பது பிறகே எனக்குத் தெரிந்தது. காயில், அதாவது பிக்கப்பின் உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், அறுந்திருந்தால் ஒலி மெலிந்திருக்கும், அல்லது அறவே நின்றிருக்கும். கீச்சொலி வருவது பெரும்பாலும் காயிலின் சுற்றுகளோ மேல்மூடியோ தளர்ந்து அதிர்வதால்தான். உருக்கிய பாரஃபின் மெழுகில், ஏறத்தாழ 65 டிகிரி வெப்பத்தில், பிக்கப்பைச் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்தால் பல நேரங்களில் அது அடங்கிவிடும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

அவர் எடுத்துக் கொடுத்த பெட்டியில், 1950-களின் ஹம்பக்கர் பாணி, அல்னிகோ 2 காந்தம், நெக் என்று அச்சிட்டிருந்தது. நான் தேடிக்கொண்டிருந்ததும் அதையேதான். “இது 14 கே ஓம்ஸ் தம்பி, பழசைவிட ரெண்டு மடங்கு, சவுண்டு அப்படியே தூக்கும்” என்று அவர் சொன்னபோதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஓம் என்பது காயிலின் ரெசிஸ்டன்ஸை, அதாவது மின்தடையை, அளக்கும் அலகு; சுற்றுகள் கூடினால் அதுவும் கூடும். கிப்ஸன் நிறுவனத்தில் செத் லவர் 1955-இல் வடிவமைத்து, 1957 முதல் கிட்டார்களில் வரத் தொடங்கிய அந்த ஹம்பக்கர்கள் பெரும்பாலும் 7 முதல் 9 கிலோ ஓம் வரையே காட்டுபவை. 14 கிலோ ஓம் காட்டும் ஒன்றை அந்தப் பாணி என்று சொல்வது பொருந்தாது.

நெக் பிக்கப்புக்கு அதிக ரெசிஸ்டன்ஸ் நல்லது என்ற எண்ணமே தவறு. கம்பி பிரிட்ஜின் அருகே குறைவாகவும், அதைவிட்டு விலகிய நெக் பக்கத்தில் அகலமாகவும் அதிர்கிறது. ஆகவே ஒரே பிக்கப்பை இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தால், நெக் பக்கத்தில் ஒலி உரத்தும் அடித்தொனி மிகுந்தும் வரும். அதைச் சமன்செய்யத்தான் பல நிறுவனங்கள் நெக் பிக்கப்பில் சுற்றுகளைக் குறைத்தும், பிரிட்ஜ் பிக்கப்பில் கூட்டியும் சுற்றுகின்றன. என் பிரிட்ஜ் பிக்கப் 8.2 கிலோ ஓம். அதன் பக்கத்தில் 14 கிலோ ஓம் ஒன்றை நெக்கில் பொருத்தினால் என்ன ஆகும் என்பதை அன்று இரவே ஒத்திகையில் கேட்டேன். தடித்த கம்பிகளில் வாசித்த சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்து, பேஸ் கிட்டாரின் ஒலிக்குள் புதைந்துபோயின. ஸ்விட்சை பிரிட்ஜுக்குத் தள்ளியதும், ஒலி பாதியாகக் குறைந்ததுபோல் இருந்தது. பிக்கப்பின் உயரத்தை இறக்கிப் பார்த்தும் ஒலியளவு மட்டுமே குறைந்தது, தெளிவு வரவில்லை.

மறுநாள் வீட்டில் கழற்றிப் பார்த்தேன். இரு ஓரங்களிலும் உள்ள போல் பீஸ்களின் (ஒவ்வொரு கம்பிக்கும் கீழே வரும் உலோக முனைகள்) நடுவுக்கு நடு அளந்தால் ஸ்கேலில் 52 மில்லிமீட்டர் வந்தது. நெக் பக்கத்தில் கம்பிகள் நெருங்கி ஓடுவதால் அங்கே 49 அல்லது 50 மில்லிமீட்டரே வழக்கம். என் கிட்டாரில் இரு ஓரக் கம்பிகளும் போல் பீஸ்களுக்கு நேர்மேலே இல்லாமல் உள்பக்கம் விலகி ஓடின. பக்கவாட்டில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைச் சற்றே விலக்கினேன். உள்ளே தெரிந்த காந்தம், ஸ்பீக்கரின் பின்னால் இருப்பதைப்போல மங்கிய கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தது. அல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த உலோகம். மின்சாரம் அதில் பாயும். செராமிக் காந்தத்தில் பாயாது. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அந்தக் காந்தத்தின் மீது வைத்தேன். மின்சாரம் பாய்ந்தால் ஒலிக்க வேண்டிய மீட்டர் ஒலி எழுப்பவே இல்லை. நெக் பெட்டிக்குள் எனக்குக் கிடைத்தது ஒரு செராமிக் பிரிட்ஜ் பிக்கப்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பெட்டியில் 7.5 கிலோ ஓம் என்று போட்டிருக்க, மீட்டர் 7.8 காட்டினால் அதை மோசடி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் வெப்பத்தோடு கூடும் என்பதால், 20 டிகிரியில் அளந்தது நம் ஊரின் 32 டிகிரியில் அந்த அளவுக்கு ஏறியே காட்டும். 14-க்கு அந்தச் சமாதானம் செல்லாது.

திரும்பக் கொண்டுபோனபோது கடைக்காரர் பேசிய பேச்சே வேறு. பொருத்தும்போது ஒயரை வெட்டியாகிவிட்டது, ஒயர் வெட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். வெட்டியவர் அவருடைய ஆள்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில்லை எடுத்துக் காட்டினேன். அதில் “கிட்டார் ஸ்பேர் – 1” என்று மட்டுமே எழுதியிருந்தது. மாடல் பெயரும் இல்லை, நெக் என்றும் இல்லை. 1,000 ரூபாய் கழித்துக்கொண்டு வாங்கிவைத்த என் பழைய பிக்கப்பையாவது கொடுங்கள் அண்ணே என்று கேட்டதற்கு, அது விற்றுப்போய்விட்டது என்றார். கெட்டுப்போன காயில் என்று அவரே சொன்ன பொருள், நான்கே நாளில் விலைபோயிருக்கிறது.

ஆகவே பிக்கப் வாங்குபவர்கள் ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைப்பதற்கு முன்பே, கடையின் மேசையிலேயே மீட்டரை வைத்து அளக்கச் சொல்லுங்கள், ஸ்கேலை வைத்து இடைவெளியைப் பாருங்கள். மாடல் பெயரும் நெக் என்ற சொல்லும் பில்லில் வரும்வரை பணம் கொடுக்காதீர்கள். பழைய பிக்கப்பை எக்ஸ்சேஞ்சில் விடவே விடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் நான் புகார் பதிவு செய்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம் என்பதால், அடுத்து அங்கே போக இருக்கிறேன்.

என் பழைய பிக்கப்பின் அடித்தகட்டில் பச்சை மார்க்கரில் 7.6 என்று எழுதியிருக்கும். எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்த அண்ணன் தன் கையால் அளந்து எழுதியது. சென்னையில் அண்மையில் பழைய ஹம்பக்கர் வாங்கிய யாராவது அதைப் பார்த்தால் எனக்குத் தெரிவியுங்கள். நீங்கள் கொடுத்த விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.