பெங்களூருவில் காக்டெயில் பார் தேடும் வேலூர்க்காரர்கள் கவனத்துக்கு

காட்பாடியில் பிருந்தாவன் ரயில் ஏறினால் பகலிலேயே பெங்களூருவில் இறங்கிவிடலாம் என்பதால், நம் ஊரில் கிடைக்காத நல்ல காக்டெயிலைத் தேடி அங்கே செல்பவர்கள் இப்போது அதிகம். சென்ற மாதம் நானும் என் சித்தப்பா மகனும் அப்படித்தான் சென்று ஏமாந்தோம்.

"நகரின் சிறந்த பார்கள்" என்று கைப்பேசியில் தேடி, முதலில் வந்த இடத்துக்கே போனோம். அந்தப் பெயருக்கு மேலே சாம்பல் நிறத்தில் 'விளம்பரம்' என்று சிறிதாக அச்சிட்டிருந்ததை ஊர் திரும்பிய பிறகே கவனித்தேன்.

ஆளுக்கொரு நெக்ரோனி கேட்டோம். ஜின், காம்பாரி என்ற கசப்பான சிவப்பு மது, இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்) மூன்றையும் சம அளவில், வழக்கமாக 30 மி.லி. வீதம் சேர்ப்பது அது. காம்பாரியின் கசப்புதான் அதற்கு உயிர். எங்களுக்கு வந்ததோ வெயிற்காலத்து நன்னாரி சர்பத்தைப் போலத் தித்தித்தது. கிளாஸின் அடியில் சிவப்புப் பாகு கரையாமல் திரண்டு நின்றது. ஆரஞ்சுத் தோலுக்குப் பதிலாக ஓரம் கறுத்த எலுமிச்சைத் துண்டு ஒன்று மிதந்தது. காம்பாரி பாட்டிலைக் காட்டுங்கள் என்று இரண்டு முறை கேட்டும் காட்டவில்லை.

பில்லைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இரண்டு கிளாஸுக்கு 1,900 ரூபாய், அதன்மேல் சேவைக் கட்டணம் 190, ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு என்று 342, ஆக 2,432 ரூபாய். மதுவுக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது, அது மாநில வரிக்கு உட்பட்டது. போதாக்குறைக்கு, பில்லில் இருக்க வேண்டிய 15 இலக்க ஜி.எஸ்.டி. பதிவு எண்ணும் இல்லை. சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

"விடுங்கண்ணா, கட்டிட்டுப் போயிடலாம்" என்றான் தம்பி. நான் விடவில்லை. அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு 190 ரூபாயை மட்டும் கழித்தார்கள்.

நீங்கள் போவதானால், பார்டெண்டர்களும் மதுவகைகளைப் பற்றி எழுதுபவர்களும் வாக்களித்து ஆண்டுதோறும் வெளிவரும் ஆசியாவின் 50 சிறந்த பார்கள் பட்டியலைப் பாருங்கள். பெங்களூரு லீலா பேலஸ் ஓட்டலில் உள்ள இசட்.எல்.பி. 23 என்ற பார் அதில் 2024-இல் இடம்பெற்றது. எங்கே போனாலும் பணம் கட்டுவதற்கு முன் பில்லைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்த படத்தை வைத்துத்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 342 ரூபாய் இன்னும் திரும்பி வரவில்லை.