மோட்டார் நின்னா இதுவும் நிக்கணும்: குளோரின் டோசிங் பம்ப் வாங்கப் போறவங்க படிச்சுட்டுப் போங்க

கேரளா பார்டர்ல இருக்கிற கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் எங்க தோப்பு. பசங்க ஆசைப்பட்டாங்கன்னு நாலு வருஷத்துக்கு முன்னால தோப்பு வீட்டுல சின்னதா ஒரு நீச்சல் குளம் கட்டினோம். எட்டு மீட்டருக்கு நாலு மீட்டர், சுமார் 45,000 லிட்டர் பிடிக்கும். அம்மா இன்னைக்கும் அதைத் தொட்டின்னுதான் சொல்லும்.

தினம் சாயங்காலம் ஹைப்போவை (குளத்துக்குப் போடுற குளோரின் திரவம், சோடியம் ஹைப்போகுளோரைட்) மக்குல அளந்து நானே ஊத்திட்டு இருந்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போய் அஞ்சு நாள் கழிச்சு வந்து பார்த்தா படியெல்லாம் பாசி. அப்பதான் மருந்தைத் தானாவே கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளுற இந்த டோசிங் பம்ப் ஆசை வந்துச்சு. தெரிஞ்சவர் ஒருத்தர் பாலக்காட்டுப் பக்கம் கடை வெச்சிருக்கிற ஆளோட நம்பரைக் கொடுத்தார். பேர் போட விரும்பலைங்க. பார்டருக்கு ரெண்டு பக்கமும் வேலை எடுக்கிற ஆள், ரெண்டு பாஷையும் சரளமா பேசுவார்.

"சேட்டா, இது ஃபுல் ஆட்டோமேட்டிக்காக்கும். தண்ணியில குளோரின் குறைஞ்சா அதுவே போடும், கூடினா அதுவே நிறுத்தும். நீங்க கேன் மாத்தினா மட்டும் போதும்."

"சென்சார் எங்கங்க இருக்கு?"

"உள்ளயே இருக்கு சேட்டா."

அந்தப் பதில்லயே நான் எந்திரிச்சு வந்திருக்கணும். இப்ப யோசிச்சா சிரிப்பா வருது. ஹைப்போ கேன்ல இருந்து ஒரு டியூப் பம்ப் பெட்டிக்குள்ள போகுது, இன்னொரு டியூப் பெட்டியில இருந்து குளத்துக்குப் போற பைப்புல சேருது. பெட்டிக்குள்ள போறது ஹைப்போ மட்டும்தான். குளத்துத் தண்ணி அதைத் தொடவே இல்லை. அப்புறம் குளத்துல எவ்வளவு குளோரின் இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நிஜமாவே அளந்து போடுற சிஸ்டம்னா குளத்துத் தண்ணி ஓடுற இடத்துல தனியா ஒரு புரோப் (குளோரினை அளக்கிற சென்சார்) இருக்கணும், அதுல இருந்து கன்ட்ரோலருக்கு வயர் வரணும். எனக்குக் கொடுத்தது திருகுற நாப் வெச்ச ஒரு பம்ப், கூடவே கரன்ட் கடையில கிடைக்கிற பிளக் டைமர் ஒண்ணு. ஃபிட்டிங்கோட சேர்த்து 38,500 ரூபாய்.

அளவும் தப்பு. எங்க குளத்துக்கு ஒரு பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) ஏத்தணும்னா 45 கிராம் குளோரின் வேணும். 10 சதவீத ஹைப்போன்னா 450 மில்லி. வெயில் காலத்துலகூட எனக்கு நாளைக்கு ஒரு லிட்டர் தாண்டாது. அவர் மாட்டினது மணிக்கு 6 லிட்டர் தள்ளுற பம்ப். ஃபுல்லா வெச்சா ஒரு நாள் மருந்தைப் பத்தே நிமிஷத்துல ஊத்திரும். அதனால நாப்பை அஞ்சு சதவீதத்துல வெச்சு, காலைல ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் டைமர் செட் பண்ணிட்டுப் போனார். குளத்துத் தண்ணியைச் சுத்த விடுற மோட்டாரோட டைமரும் அதே நேரம்.

ரெண்டுக்கும் தனித்தனி டைமர். இதைக் கவனிச்சுக்கோங்க.

முதல் மூணு வாரம் நல்லாத்தான் போச்சு. ஹைப்போ கேன் மோட்டார் ரூமுக்கு வெளிய, மேக்கு வெயில் நேரா அடிக்கிற இடத்துல இருந்துச்சு. அவர் வெச்ச இடம்தான். வெயில்லயும் சூட்டுலயும் ஹைப்போவோட வீரியம் இறங்கிரும்னு அவரும் சொல்லலை, எனக்கும் தோணலை. ஏப்ரல் கடைசியில படி மறுபடியும் வழுக்க ஆரம்பிச்சுது. போன் பண்ணேன். வாட்ஸ்அப்புல வாய்ஸ் நோட் வந்துச்சு: "இருபதுல வைங்க சேட்டா, ஒண்ணும் ஆகாது." வெச்சேன். கேன் காலியானதும் முழு வீரியத்தோட புதுசு வந்துச்சு. நாப்பை நான் குறைக்கலை, அது என் தப்பு.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. அக்கா வீட்டுல இருந்து எல்லாரும் வந்திருந்தாங்க. ராத்திரி காத்தும் மழையும், விடியறதுக்குக் கொஞ்சம் முன்னால கரன்ட் போச்சு. எட்டரைக்குத்தான் வந்துச்சு. அக்கா பையன் அதுக்கு முன்னாலயே குளத்துல இறங்கிட்டான். தண்ணி வேகமா வர்ற ஓட்டைக்கு நேரா முதுகைக் காட்டிட்டு நிக்கிறது அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். "மாமா, மோட்டார் போடுங்க"ன்னு கத்தினான். நான்தான் போய்ப் போட்டேன்.

ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. பையன் இருமிட்டே கரைக்கு வந்தான். கண்ணு சிவந்து திறக்க முடியலை. தண்ணி மேல ஹைப்போ நெடி மூக்கைப் பிடுங்குது. பைப்புத் தண்ணியில கண்ணையும் உடம்பையும் கழுவி, பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஆக்சிஜன், நெபுலைசர், கண்ணுக்குச் சொட்டு மருந்து. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, இப்ப நல்லா இருக்கான். அவன் போட்டிருந்த நீல டிரவுசர் மட்டும் பின்பக்கம் பூரா வெளுத்து, கை அளவுக்குத் திட்டுத் திட்டா நிக்குது. அக்கா அதைத் தூக்கிப் போடச் சொல்லுச்சு. நான் எடுத்து வெச்சிருக்கேன்.

என்ன ஆச்சுன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. அந்த ஆள் டோசிங் பம்ப்பை வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல சொருகி வெச்சிருந்தார். கரன்ட் போனதும் மோட்டார் நின்னுருச்சு, ஆனா இது ஆறு மணிக்கு எந்திரிச்சு எட்டரை வரைக்கும் தன் வேலையைப் பார்த்திருக்கு. இருபதுல வெச்சா மணிக்கு 1.2 லிட்டர். ஓடாத தண்ணியில, பைப்புக்குள்ள, மூணு லிட்டர் புது ஹைப்போ சேர்ந்து நின்னிருக்கு. நான் சுவிட்சைப் போட்டதும் அத்தனையும் மொத்தமா அவன் முதுகுல.

மோட்டார் சுவிட்ச் வழியாத்தான் டோசிங் பம்ப்புக்குக் கரன்ட் வரணும். அதோட பைப்புல தண்ணி ஓடுதான்னு பார்க்கிற ஃப்ளோ சுவிட்ச் ஒண்ணும் வேணும், ஏன்னா மோட்டார் சுத்தியும் தண்ணி ஏறாத நாள் உண்டு. எனக்கு ரெண்டுமே பண்ணலை.

அப்புறம் கோயமுத்தூர்ல இருந்து ஒரு மெக்கானிக் வந்தார். உள்ள நுழைஞ்சதும் அவர் முதல்ல பண்ணது, மோட்டார் ரூமுல கிடந்த ஆசிட் கேனை வெளிய தூக்கி வெச்சதுதான். ஆசிட்டும் ஹைப்போவும் கலந்தா வர்றது குளோரின் வாயு, மூடின ரூமுல ஆளையே சாய்ச்சுரும்னார். அதையும் அந்தக் கடைக்காரர்தான் தண்ணியோட காரத்தை (பிஹெச்) இறக்குறதுக்குன்னு கொடுத்துட்டுப் போனது. மருந்து சேர்ற இடத்தைக் கழட்டினா பிளாஸ்டிக் இருக்க வேண்டிய இடத்துல பித்தளை நிப்பிள், பச்சை பூத்துக் கிடக்கு. உள்ள சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா கெட்டியாகி, ஓட்டை ஊசி நுழையுற அளவுக்குத்தான் மிச்சம். ஹைப்போவுல காரம் அதிகம், நம்ம போர் தண்ணியோ உப்பு, ரெண்டும் சேர்ற இடத்துல இப்படித்தான் படியும், மாசா மாசம் கழட்டிக் கழுவணும்னு சொன்னார். விக்கும்போது இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

கடைக்காரருக்குப் போன் பண்ணேன். முதல்ல "கரன்ட் போனதுக்கு நான் எந்தா செய்ய?"ன்னார். அப்புறம் பம்ப் தமிழ்நாட்டு டீலரோட ஸ்டாக், அங்க கேளுங்கன்னார். அந்த டீலர்கிட்டக் கேட்டா, மாட்டினது கேரளா ஆளுங்க, எங்களுக்குச் சம்பந்தமில்லைங்கிறார். கடைசியா ஒரு நாள், "கேஸ் போடணும்னா பாலக்காட்டுக்கு வாங்க." அதுக்கப்புறம் என் நம்பரை பிளாக் பண்ணிட்டார்.

பாலக்காட்டுக்குப் போகவே வேண்டாம்ங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே புகார் போடலாம். 5 லட்சத்துக்குள்ள வாங்கின பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அவ்வளவுதான். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணா வழி சொல்றாங்க. எனக்கு அவர் கொடுத்தது ஜிஎஸ்டி பில் இல்லை, எஸ்டிமேட்னு எழுதின ஒரு துண்டுச் சீட்டு. ஆனா பாதிப் பணம் ஜிபேல போயிருக்கு, அந்த "இருபதுல வைங்க" வாய்ஸ் நோட்டும் இருக்கு. கோயமுத்தூர்ல மனு கொடுத்தாச்சு.

உங்க வீட்டுல ஏற்கனவே இது மாட்டியிருந்தா, இன்னைக்கு யாரும் தண்ணியில இல்லாத நேரமாப் பார்த்து, ரெண்டும் ஓடும்போது மோட்டாரை மட்டும் ஆஃப் பண்ணுங்க. அடுத்து மறுபடியும் ரெண்டையும் ஓட விட்டு, மெயினை இறக்கிப் பாருங்க. ரெண்டு தடவையும் டோசிங் பம்ப் அந்த நிமிஷமே நிக்கணும். நிக்கலைன்னா பிளக்கைப் பிடுங்கிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

என்னோடது மோட்டார் ரூம் மூலையில அட்டைப்பெட்டிக்குள்ள கிடக்கு. இப்ப மறுபடியும் சாயங்காலம் மக்குலதான் ஊத்துறேன், வெயில் இறங்கினதுக்கப்புறம், மோட்டார் ஓடுதான்னு ரெண்டு தடவை பார்த்துட்டு.