பெல்லட் பர்னரின் தீனி அளவு: தராசா, கண்ணா, சென்சாரா?

மரப் பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகள்) எரிக்கும் பர்னர் சரியாக எரியவில்லை என்றால் பலரும் முதலில் கை வைப்பது காற்று விசிறியில். ஆகர் (பர்னருக்குப் பெல்லட் தள்ளும் திருகு) மணிக்கு எத்தனை கிலோ தள்ளுகிறது, அதாவது தீனி எவ்வளவு என்று தெரியாமல் விசிறியைத் திருகுவது இருட்டில் துழாவுகிற வேலை. அதனால் தீனியைச் சரிபார்க்கும் மூன்று வழிகளில் (தராசு, கண், சென்சார்) என் ஓட்டு தராசுக்குத்தான்.

காரணம் எளிது. ஆகர் திருகுபோலச் சுழன்று பெல்லட்டை ஏற்றுகிறது. அதற்கு எடை தெரியாது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு கொள்ளளவு, அவ்வளவுதான். தரச்சான்று பெற்ற பெல்லட்டே ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவும் இருக்கும், 750 கிலோவும் இருக்கும். குட்டை உருளைகள் நெருங்கி அடையும், நீளமானவை இடைவெளி விட்டுக் கிடக்கும். மூட்டை மாறினால் கணக்கும் மாறும்.

செய்முறை இதுதான். பர்னர் முழுக்க ஆறட்டும். ஆகரிலிருந்து பர்னருக்கு இறங்கும் குழாயைக் கழற்றிக் கீழே ஒரு வாளி வையுங்கள். பெல்லட் சடசடவென்று சீராக விழும்வரை ஓடவிட்டு, விழுந்ததை ஹாப்பரிலேயே (பெல்லட் கொட்டி வைக்கும் தொட்டி) திரும்பக் கொட்டிவிடுங்கள். இதை விட்டால் பாதி காலியான ஆகரைத்தான் அளந்திருப்பீர்கள். அப்புறம் 6 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டி எடை போடுங்கள். பத்தால் பெருக்கினால் மணிக்கணக்கு வந்துவிடும். மூன்று முறை செய்து சராசரி எடுப்பது நல்லது.

1.5 கிலோ விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அதாவது மணிக்கு 15 கிலோ. ஒரு கிலோ பெல்லட்டில் சுமார் 4.8 கிலோவாட் மணி வெப்பம். கொதிகலனின் திறன் 90 சதவீதம் என்றால் கைக்கு வருவது 4.3. நமக்கு 20 கிலோவாட் வேண்டுமானால் மணிக்கு 4.6 கிலோ போதும். ஆகவே ஆகர் 10 வினாடிக்கு 3.1 வினாடி ஓடினால் சரி.

கண்ணால் பார்ப்பதும் வீண் இல்லை. சுடர் பளிச்சென்ற மஞ்சளில் துள்ளினால் நல்லது. கருஞ்சிவப்பாக நீண்டு, நுனியில் புகை கட்டினால் கோளாறு. ஆனால் தீனி கூடினாலும் அதே புகை, காற்று குறைந்தாலும் அதே புகை. சாம்பலில் கிடக்கும் கருகிய துண்டுகளும் இப்படித்தான்: தீனி அதிகமாக இருக்கலாம், விசிறி வேகத்தில் பெல்லட் பறந்து விழுந்ததாகவும் இருக்கலாம். கண் சந்தேகத்தைக் கிளப்பும், எண்ணைத் தராது.

லாம்டா சென்சார் புகைவாயுவில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கிறது. பெரும்பாலான பர்னர்களில் 6 முதல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் திருப்தி. அதற்கு வெகுவாகக் கீழே போனால் கரியும் கார்பன் மோனாக்சைடும் ஏறும் (கொதிகலன் அறையில் அதற்கான அலாரம் கட்டாயம் இருக்கட்டும்). மேலே போனால் சூடு புகைபோக்கி வழியே போய்விடும். எரியும்போதே திருத்துவதில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது பார்ப்பது விகிதத்தை மட்டும். தீனியும் காற்றும் சேர்ந்து பாதியாகக் குறைந்தால் ஆக்சிஜன் சரியாகவே தெரியும். திரையில் 20 கிலோவாட், தண்ணீருக்குப் போவது 10.

எனவே முதலில் எடை, பிறகு சென்சாரை வைத்துக் காற்று, தினசரிக்குக் கண். புதிய சரக்கு வந்தாலோ, ஆகரின் சாய்வை மாற்றினாலோ மறுபடி தராசு. தேதியையும் 6 நிமிட எடையையும் ஹாப்பர் மூடியின் உட்புறம் மார்க்கரால் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த முறை மூட்டையைக் கொட்டும்போது கண்ணில் படும்.