லேசரை எதுல கட்டிப்போடறது: அணுவா, கேவிட்டியா, இன்னொரு லேசரா?

லேசர் லாக், அதாவது லேசரோட ஃப்ரீக்வென்சியை ஒரு நிலையான ரெஃபரன்ஸோட கட்டி நிறுத்தறதுன்னு பேச்சை எடுத்தாலே பாதிப் பேர் வாயில முதல்ல வர்றது பவுண்ட் ட்ரெவர் ஹால் தான், சுருக்கமா பிடிஹெச், கேவிட்டியில (எதிரெதிரா வெச்ச கண்ணாடிகளுக்கு நடுவுல வெளிச்சம் ஓடற அமைப்பு) லாக் பண்ற வழி. நல்ல டெக்னிக், சந்தேகமே இல்ல. ஆனா எலியைப் பிடிக்க மலையைத் தோண்டுற கதையா, ஒரு ருபிடியம் செல் (ருபிடியம் ஆவி அடைச்ச கண்ணாடிக் குப்பி) வெச்சு முடிக்க வேண்டிய வேலைக்கு வேக்குவம் சேம்பர், இஓஎம் (மின்சாரத்தால வெளிச்சத்தை மாடுலேட் பண்ற கிறிஸ்டல்), ஃபாஸ்ட் சர்வோ (பிழையைப் பார்த்து லேசரைத் திருத்தற சர்க்யூட்)ன்னு எல்லாத்தையும் இறக்கிட்டு ஆறு மாசம் அதுலயே கிடக்கிறவங்களப் பார்த்திருக்கேன், நானும் ஒரு தடவ கிடந்திருக்கேன். அதனால எந்த லாக் நல்லதுன்னு யாராவது கேட்டா நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணு தான்: உங்க லேசர் நகருதா, நடுங்குதா?

ரெண்டும் வேற வேற வியாதி. ரூம் டெம்பரேச்சர் மாற மாற லேசர் மெதுவா மெகாஹெர்ட்ஸ் கணக்குல ஒரு பக்கமா போறது நகர்றது, அதாவது டிரிஃப்ட். ஒரு மில்லிசெகண்டுக்குள்ள ஆயிரம் தடவ முன்னப் பின்ன ஆடறது நடுக்கம், அதாவது நாய்ஸ். மொதல் வியாதிக்கு சோம்பேறி சர்வோ போதும், ஆனா ரெஃபரன்ஸ் அசையவே கூடாது. ரெண்டாவதுக்கு ரெஃபரன்ஸ் மெதுவா நகர்ந்தாலும் பரவாயில்ல, சர்வோ பறக்கணும். இது புரியாம கருவி வாங்கினா தலைவலி போய் திருகுவலி தான்.

நடுக்கத்தைப் பத்தி ஒரு கணக்கு சொல்லிட்டுப் போறேன், ஏன்னா ஒப்பீடு முழுக்க இதுல தான் தொங்குது. ஃபேஸ் (அலை தன் ஆட்டத்துல எந்தக் கட்டத்துல நிக்குதுங்கறது) நாய்ஸ்ங்கறது தனி ஜந்து ஒண்ணும் இல்ல, ஃப்ரீக்வென்சி நாய்ஸ் டென்சிட்டியை எஃப் ஸ்கொயரால (எஃப்ங்கறது நாய்ஸ் ஆடற ஃப்ரீக்வென்சி) வகுத்தா ஃபேஸ் நாய்ஸ் டென்சிட்டி வந்துடும், ஒரே விஷயத்தை ரெண்டு கண்ணாடி போட்டுப் பாக்கறோம், அவ்ளோதான். இப்ப ஒரு டயோடு லேசரோட ஃப்ரீக்வென்சி நாய்ஸ் எல்லா ஃப்ரீக்வென்சியிலயும் சமமா, ஒரு ஹெர்ட்ஸுக்கு ஒரு லட்சம் ஹெர்ட்ஸ் ஸ்கொயர்னு இருக்குன்னு வைங்க. அதை 3.14-ஆல (பை) பெருக்கினா லைன்விட்த், அதாவது லேசர் ஃப்ரீக்வென்சி பரவி நிக்கற அகலம், கிட்டத்தட்ட 314 கிலோஹெர்ட்ஸ். இந்த நாய்ஸ்ல எந்தப் பகுதி லைனை அகலமாக்குது, எது சும்மா ஓரத்துல வாலா மட்டும் நிக்குதுன்னு பிரிக்க 0.56 எஃப்னு ஒரு கோடு போடலாம். அந்தக் கோட்டுக்கு மேல இருக்கற நாய்ஸ் தான் அகலத்துக்குக் காரணம். நம்ம உதாரணத்துல ரெண்டும் வெட்டிக்கிற இடம் சுமார் 180 கிலோஹெர்ட்ஸ். ஆக லைனை ஒல்லியாக்கணும்னா சர்வோ குறைஞ்சது அந்த வேகத்துல, நிஜத்துல அதைவிட நிறையவே கூட, ஓடணும். வெறும் பிசோவை (வோல்டேஜ் கொடுத்தா நீளம் மாறி லேசரை நகர்த்தற துண்டு) மட்டும் வெச்சு ரெண்டு கிலோஹெர்ட்ஸ் பேண்ட்விட்த்ல லாக் பண்ணிட்டு லைன்விட்த் குறையலயேன்னு கவலப்படறதுல அர்த்தமே இல்ல, குறையாது.

சரி, சைட் ஆஃப் ஃப்ரிஞ்ச். ஒரு கேவிட்டியோட டிரான்ஸ்மிஷன் பீக் (சரியான ஃப்ரீக்வென்சியில வெளிச்சம் கேவிட்டியைத் தாண்டி வர்ற இடம், ஃப்ரிஞ்ச்னு சொல்றது இதைத் தான்) இருக்குல்ல, அதோட சரிவுல பாதி உயரத்துல போய் உக்காந்துக்கிட்டு, வெளிச்சம் கூடினா ஒரு பக்கம் தள்ளு, குறைஞ்சா இன்னொரு பக்கம் தள்ளு. மாடுலேஷன் கிடையாது, ஒரு போட்டோடயோடு, ஒரு பிஐ சர்க்யூட் (சாதாரண கன்ட்ரோல் சர்க்யூட்), ஒரு மத்தியானத்துல லாக் ஆகிடும். குறை என்னன்னா லேசர் பவர் மாறறதுக்கும் ஃப்ரீக்வென்சி மாறறதுக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியாது. 6 மெகாஹெர்ட்ஸ் அகல ஃப்ரிஞ்ச்ல பவர் ஒரு சதவீதம் இறங்கினா லாக் பாயிண்ட் 30 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துடும், கணக்கு போட்டுப் பாருங்க. இன்னொரு போட்டோடயோடுல பவரைப் பார்த்து வகுத்துட்டா ஓரளவு சமாளிக்கலாம். அடுத்த குறை, யாராவது டேபிளைத் தட்டி லேசர் பீக்கைத் தாண்டி எகிறிடுச்சுன்னா சரிவு தலைகீழ், சர்வோ அதை இன்னும் தூரமா விரட்டி விட்டுடும். இவ்வளவு சொன்னாலும் கூலிங் லேசரை (அணுக்களைக் குளிர வைக்கற லேசர்) கொஞ்ச நேரம் ஒரு இடத்துல நிறுத்தி வைக்கணும்னா எனக்கு இது போதும், இதைக் கேவலமா நினைக்க வேண்டியதில்ல.

நகர்றது தான் பிரச்சினைன்னா அணுவை அடிச்சுக்க ஆளே இல்ல. ருபிடியம் 87-ஓட டி2 லைன் (அந்த அணு வெளிச்சத்தை உறிஞ்சற ஒரு இடம்) 780.24 நானோமீட்டர், அது இன்னிக்கும் நாளைக்கும் அதே இடத்துல தான் இருக்கும், காந்தப்புலமும் வெளிச்சமும் கொஞ்சம் தள்ளி விடும்ங்கறதத் தவிர. ரூம் டெம்பரேச்சர்ல டாப்ளர் அகலம் (அணுக்கள் ஓடறதால லைன் பரவறது) 500 மெகாஹெர்ட்ஸ் பக்கம், ஆனா எதிரெதிரா ரெண்டு பீம் விட்டா நடுவுல 6 மெகாஹெர்ட்ஸ் இயற்கை அகலத்துக்குக் கிட்ட வர்ற குட்டிப் பள்ளங்கள் தெரியும், அதான் சாச்சுரேட்டட் அப்சார்ப்ஷன். புதுசா வர்றவங்க ஸ்கோப்ல இருக்கறதுலயே பெரிய பீக்கைப் பிடிச்சுட்டு டிரான்சிஷனைப் பிடிச்சுட்டதா சந்தோஷப்படுவாங்க, அது பெரும்பாலும் கிராஸ்ஓவரா இருக்கும், அதாவது ரெண்டு நிஜ லைனுக்கு நட்ட நடுவுல வர்ற போலி. ஆனா போலின்னு ஒதுக்க வேண்டாம், நல்ல ஸ்ட்ராங் சிக்னல். எஃப் 2-லேர்ந்து எஃப் டேஷ் 3 போற (இங்க எஃப்ங்கறது அணுவோட நிலைக்கு வெச்ச பேரு) கூலிங் லைனுக்கு 133 மெகாஹெர்ட்ஸ் கீழ இருக்கற கிராஸ்ஓவர்ல லாக் பண்ணிட்டு மிச்ச தூரத்தை ஏஓஎம் (ஒலி அலையால வெளிச்சத்தோட ஃப்ரீக்வென்சியை நகர்த்தற கருவி) வெச்சுத் தள்ளிக்கறது ரொம்ப பேர் தினமும் பண்ற வேலை.

அணுவுல லாக் பண்றதுலயே உட்பிரிவு உண்டு. கரண்டை சில கிலோஹெர்ட்ஸ்ல ஆட்டி லாக்-இன் ஆம்ப்ளிஃபயர் (அந்த ஆட்டத்தோட ஃப்ரீக்வென்சியில வர்ற சிக்னலை மட்டும் பிரிக்கற கருவி) வெச்சு எடுக்கறது ஈஸி, ஆனா மெதுவு, அதோட அந்த ஆட்டம் லேசர் வெளிச்சத்துலயும் ஒட்டிக்கிட்டு எக்ஸ்பெரிமெண்ட் வரைக்கும் போகும். மாடுலேஷன் டிரான்ஸ்ஃபர்ல எதிரெதிர் பீம்ல பலமானதை, அதாவது பம்ப்பை மட்டும் ஆட்டறோம், அந்த ஆட்டம் அணு வழியா நாம அளக்கற மத்த பீமுக்கு, அதாவது ப்ரோபுக்குத் தாவுது, அதனால டாப்ளர் பேக்ரவுண்டே வராம ஜீரோ அப்படியே தட்டையா நிக்கும். க்ளோஸ்டு டிரான்சிஷன்ல (அணு வேற நிலைக்கு நழுவாம கிளம்பின இடத்துக்கே திரும்பறது) தான் அது பெருசா வரும்ங்கறதால எந்தப் பீக்ல லாக் ஆச்சுன்னு குழப்பமும் இல்ல, என் ஓட்டு இதுக்குத் தான். 1998-ல அமெரிக்காவோட ஜைலா ஆய்வகத்துலேர்ந்து வந்த டாவல், காந்தம் போட்டு டாப்ளர் லைனையே ரெண்டாப் பிரிச்சுக் கழிக்கற டெக்னிக், பல நூறு மெகாஹெர்ட்ஸ் தூரம் வரைக்கும் லேசரை விடாம இழுத்துட்டு வரும், கதவை டமார்னு சாத்தினாலும் விடாது. பதிலுக்கு, போலரைசேஷன் கொஞ்சம் மாறினா ஜீரோ நகர்ந்துடும். இதுல எதைப் பிடிச்சாலும் லைனை ஒல்லியாக்குற விஷயத்துல அணு செல் ரொம்ப தூரம் வராது, 6 மெகாஹெர்ட்ஸ் அகல சரிவுல கிலோஹெர்ட்ஸ் நடுக்கத்தைப் பாக்கறது தராசு முள்ள தூரத்துலேர்ந்து படிக்கற மாதிரி.

இப்ப பிடிஹெச். 1946-ல பவுண்ட் மைக்ரோவேவுக்குப் பண்ணத, 1983-ல ட்ரெவர், ஹால் குழு லேசருக்குக் கொண்டு வந்தாங்க, ஈர்ப்பு அலையைப் பிடிக்கற லைகோவோட இண்டர்ஃபெரோமீட்டர் நிக்கறதே இதை நம்பித்தான். இஓஎம் வெச்சு, உதாரணமா 20 மெகாஹெர்ட்ஸ்ல, லேசரோட நடு ஃப்ரீக்வென்சிக்கு (கேரியர்) ரெண்டு பக்கமும் சைட்பேண்ட், அதாவது துணை ஃப்ரீக்வென்சி, போடறோம். சைட்பேண்ட் கேவிட்டிக்குள்ள நுழைய முடியாம அப்படியே திரும்பி வரும், நடு கேரியர் மட்டும் உள்ள போய் சுத்திட்டுத் தன் ஃபேஸை மாத்திக்கிட்டு வெளிய கசியும், ரெண்டும் போட்டோடயோடுல சந்திக்கறப்ப வர்ற 20 மெகாஹெர்ட்ஸ் பீட்டை (ரெண்டு ஃப்ரீக்வென்சியோட வித்தியாசத்துல வர்ற துடிப்பு) டிமாடுலேட் பண்ணா நடுவுல செங்குத்தா ஒரு எரர் சிக்னல், லேசர் எந்தப் பக்கம் விலகியிருக்குன்னு சொல்றது. லாக் பாயிண்ட்ல சிக்னல் பூஜ்ஜியம்ங்கறதால பவர் ஏறி இறங்கறது முதல் கட்டத்துல பாதிக்காது, பீக்கோட உச்சியிலயே உக்காரலாம், சைட்பேண்ட் தூரம் வரைக்கும் எந்தப் பக்கம் விலகினாலும் சரியான திசையில இழுக்கும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் வேகம். 10 சென்டிமீட்டர் கேவிட்டி, ஃபினெஸ் (கேவிட்டி லைன் எவ்வளவு கூர்மைன்னு சொல்ற எண்) பத்தாயிரம்னா லைன் 150 கிலோஹெர்ட்ஸ். டிரான்ஸ்மிஷனைப் பார்த்து லாக் பண்ணா அதுல பாதி, 75 கிலோஹெர்ட்ஸுக்கு மேல சிக்னல் மங்கிடும், உள்ள இருக்கற வெளிச்சம் வடிஞ்சு வெளிய வர நேரம் ஆகுதே. ரிஃப்ளெக்ஷன்ல பாக்கற பிடிஹெச்ல அந்தத் தடை இல்ல, உள்ள தேங்கி நிக்கற வெளிச்சம் கொஞ்சம் முன்னாடி லேசர் எப்படி இருந்துச்சுங்கற ஞாபகம், இப்ப வந்து மோதற வெளிச்சத்தை அந்த ஞாபகத்தோட நேரடியா ஒப்பிடறோம். அதனால 75-க்கு மேல போனா அது ஃப்ரீக்வென்சி டிடெக்டரா இல்லாம ஃபேஸ் டிடெக்டரா மாறிடுது, அவ்ளோதான், செத்துப் போகாது. மேல சொன்ன 180 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் போக முடியறது இதனால தான்.

செலவு எங்கன்னா, எல்லாம் கேவிட்டி நீளத்துல. 780 நானோமீட்டர்ல ஒரு ஹெர்ட்ஸ் நிக்கணும்னா 10 சென்டிமீட்டர் நீளம் 2.6-ஐ பத்தின் மைனஸ் 16 மீட்டருக்கு மேல அசையக் கூடாது, ஒரு புரோட்டானோட விட்டத்தைவிடக் குறைவு. அதுக்குத் தான் யூஎல்இ கண்ணாடி (சூடானாலும் கிட்டத்தட்ட விரியாதது), வேக்குவம், அதிர்வு தாங்கற மேடை. உச்சத்துல 124 கெல்வினுக்குக் குளிர வெச்ச சிலிக்கான் கேவிட்டி, 2017-ல ஜெர்மனியோட அளவீட்டு நிறுவனம் பிடிபியும் ஜைலாவும் சேர்ந்து 10 மில்லிஹெர்ட்ஸுக்குக் கீழ லைன்விட்த் காட்டினாங்க. இவ்வளவு பண்ணாலும் கேவிட்டி மெல்ல நகரத்தான் செய்யும், யூஎல்இ கண்ணாடி வயசாக ஆகச் சுருங்குது, ஆக நீண்ட காலத்துக்கு அணு வேணும். இன்னொரு சனியன் இஓஎம்லேர்ந்து வர்ற வேண்டாத ஆம்ப்ளிட்யூட் மாடுலேஷன், ராம்னு சொல்வாங்க. போலரைசேஷன் கிறிஸ்டல் அச்சோட கொஞ்சம் விலகினாப் போதும் ஜீரோ தள்ளிப் போயிடும், கிறிஸ்டல் சூடாக ஆக இன்னும் தள்ளும். லைன்ல ஒரு சதவீதம் தள்ளினா 150 கிலோஹெர்ட்ஸ் கேவிட்டியில 1.5 கிலோஹெர்ட்ஸ் பிழை.

நான் கிடந்த கதை இது தான். ஸ்கோப்ல எரர் சிக்னல் கோடு போட்ட மாதிரி, அவ்ளோ அழகு, படம் எல்லாம் எடுத்து வெச்சேன். பக்கத்து டேபிள் லேசரோட பீட் போட்டா கொழுத்துக் கிடக்குது, 300 கிலோஹெர்ட்ஸ். மூணு வாரம் பிஐடியைத் திருகினேன். கடைசியில பார்த்தா கேவிட்டி இருந்த அதே டேபிள் மேல ஒரு பவர் சப்ளை, அதுக்குள்ள ஒரு ஃபேன், கேவிட்டியே ஆடுது, லேசர் பாவம் விசுவாசமா கூடவே ஆடுது. தன் முதுகு தனக்குத் தெரியாதுங்கற மாதிரி லூப்புக்குள்ள இருந்து பாக்கற எரர் சிக்னலுக்கு ரெஃபரன்ஸோட தப்பு தெரியவே தெரியாது. ஃபேனைக் கீழ இறக்கி வெச்சதும் பீட் ஒடுங்கிடுச்சு.

ஹான்ஷ் கூயோவைப் பத்தி ரெண்டு வரி: 1980-ல வந்தது, மாடுலேஷனுக்குப் பதிலா போலரைசேஷனை வெச்சு எரர் சிக்னல் எடுக்கும். டபுளிங் கேவிட்டியை (வெளிச்சத்தோட ஃப்ரீக்வென்சியை ரெட்டிப்பாக்கறது) லேசரோட ஒட்ட வைக்க அருமை, லேசரை ஒல்லியாக்க நான் எடுக்க மாட்டேன்.

மூணாவது வழி, அதாவது இன்னொரு லேசரோட கட்டறது, முழுக்க வேற கேள்விக்குப் பதில். ருபிடியம் 87-ல ராமன் டிரான்சிஷன் (ரெண்டு லேசரைச் சேர்த்து அணுவை ஒரு நிலையிலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தறது) பண்றோம், ரெண்டு லேசருக்கும் நடுவுல 6.8 கிகாஹெர்ட்ஸ் இடைவெளி வேணும், அந்த இடைவெளியோட ஃபேஸ் தான் முக்கியம், ரெண்டும் கை கோத்துக்கிட்டு சேர்ந்து ஆடினா அணு பெருசா கண்டுக்காது. இங்க ஆப்டிகல் ஃபேஸ் லாக். ரெண்டையும் ஒரு ஃபாஸ்ட் போட்டோடயோடுல விட்டு வர்ற பீட்டை சிந்தசைசரோட (துல்லியமான சிக்னல் ஜெனரேட்டர்) ஒப்பிட்டு ஒரு லேசரைத் திருத்தறோம். மிச்ச ஃபேஸ் ஆட்டம் 0.3 ரேடியன்னா 91 சதவீத பவர் கேரியர்ல நிக்கும், 1 ரேடியன்னா 37 சதவீதம் தான். ஃப்ரீக்வென்சி லாக்ல நாலு சைக்கிள் தவறிப் போனாலும் சராசரி பெருசா அசையாது, இங்க ஒரு சைக்கிள் தவறினா அந்த ஷாட் போச்சு. பீட்டை 8-ஆல வகுத்து டிஜிட்டல் ஃபேஸ் டிடெக்டர்ல விட்டா லாக் சுலபமா பிடிக்கும், ஆனா டிடெக்டர் நாய்ஸ் 18 டெசிபெல் ஏறி வந்து உக்காரும்.

இங்க எதிரி தாமதம். கேபிள் மீட்டருக்கு 5 நானோசெகண்ட். டிஜிட்டல் சர்வோ போர்டு மொத்தமா 200 நானோசெகண்ட் எடுத்துக்கிட்டா ஒரு மெகாஹெர்ட்ஸ்ல ஃபேஸ் 72 டிகிரி காலி. அதனால ஸ்லோ பாதைக்கு எஃப்பிஜிஏ (டிஜிட்டல் சிப்), ஃபாஸ்ட் பாதைக்கு டயோடு கிட்டயே ஒட்டி வெச்ச அனலாக், இது தான் எனக்கு ஒத்து வந்த கலவை. டிஎஃப்பி டயோடுல (ஒரு வகை டயோடு லேசர்) இன்னொரு வில்லங்கம், கரண்டை மெதுவா ஆட்டினா சூட்டால ஒரு பக்கம் போகும், வேகமா ஆட்டினா கேரியர் டென்சிட்டியால எதிர்ப் பக்கம், நடுவுல திசை மாறற இடம் சர்வோவுக்குப் பொறி.

சர்வோ கெயினை ரொம்ப ஏத்தினா பேண்ட்விட்த் முடியற இடத்துல ரெண்டு திமில் எழும்பும், சர்வோ பம்ப். லைன்விட்த் நம்பரைப் பார்த்தா எல்லாம் ஜோரு, ஆனா அணுவை ரைட்பெர்க் நிலைக்கு (ரொம்ப உயர்ந்த ஆற்றல் நிலை) மெகாஹெர்ட்ஸ் ராபி ஃப்ரீக்வென்சியில (லேசர் அணுவோட நிலையை மாத்தற வேகம்) ஏத்தறவங்களுக்கு அந்தத் திமில் சரியா அடிக்கக் கூடாத இடத்துல அடிக்கும். பிடிஹெச் கேவிட்டியோட டிரான்ஸ்மிஷன் வெளிச்சத்தையே எடுத்து இன்னொரு டயோடுக்கு இன்ஜெக்ட் பண்ணி சிலர் தப்பிக்கறாங்க, கேவிட்டி தானே ஃபில்டராகிடுது. கெயினைக் குறைச்சுட்டு லைன் கொஞ்சம் தடிச்சாப் பரவாயில்லன்னு விடறதும் ஒரு வழி, நான் அதைத் தான் முதல்ல ட்ரை பண்ணுவேன்.

எதை எடுத்தாலும் அளக்க வெளியிலேர்ந்து ஒரு கண் வேணும். ரெண்டாவது லேசர் இல்லன்னா டிலேடு செல்ஃப் ஹெட்டரோடைன் (லேசரோட ஒரு பகுதியை ஃபைபர்ல தாமதப்படுத்தி தன்னோடவே பீட் போடறது), ஆனா 10 கிலோஹெர்ட்ஸ் லைனைப் பாக்கவே 6 கிலோமீட்டருக்கு மேல ஃபைபர் சுத்தணும், அதுவும் 780-ல ஃபைபர் இழப்பு அதிகம்ங்கறதால இந்த வழி 1550 நானோமீட்டர் ஆட்களுக்குத் தான் சௌகரியம். ரெண்டு லேசர் பீட் போட்டா ரெண்டோட நாய்ஸும் கூட்டா வரும், எது குற்றவாளின்னு சொல்லாது. மூணு லேசர் இருந்தா ஜோடி ஜோடியா மூணு பீட் எடுத்து, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம ஆடுதுன்னு வெச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணோட பங்கையும் தனியாப் பிரிச்சுடலாம். அப்படிப் பிரிச்சுப் பார்த்ததுல தான், நான் ரெஃபரன்ஸ்னு கும்பிட்டுக்கிட்டு இருந்த லேசர் மூணுல ரெண்டாவதுன்னு தெரிஞ்சது.